தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் நடுவே ஒரே ஒரு இரவு: செட்டிநாட்டு வீட்டு விடுதிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூரில் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் சுற்றுலாக் கார் பிற்பகல் மூன்றரைக்குச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் வந்து நிற்கும். வந்தவர்கள் இளநீர் குடிப்பார்கள், வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நின்று படம் எடுப்பார்கள், வெயில் தாழ்ந்ததும் ராஜா வீட்டுத் தெருவில் ஒரு நடை போவார்கள், இரவு வாழை இலையில் சாப்பிடுவார்கள். மறுநாள் இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும் முடித்துப் பத்து மணிக்கு மதுரைக்கு வண்டி ஏறிவிடுவார்கள். மொத்தம் பதினெட்டரை மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் தூக்கம்.

செட்டிநாட்டுச் சுற்றுலாவின் சிக்கலில் பாதி இந்தப் பதினெட்டரை மணி நேரத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, அவர்கள் தூங்கும் வீட்டின் சுவருக்குள் இருக்கிறது. ஆட்கள் வரவில்லை என்று இங்கே யாரும் புலம்புவதில்லை. வந்தவர்கள் தங்குவதில்லை என்பதுதான் குறை. அதைச் சரிசெய்யாமல் இன்னும் நான்கு அறை கட்டுகிறார்கள். நூறு வருடம் நின்ற வீடு அந்த நான்கு அறையில்தான் முதலில் கசிய ஆரம்பிக்கிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவிலிருந்து தெருவரை ஓடும் வழக்கமான நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு, பத்து அறை விடுதியாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் வாடகை, வருகை எண்கள் கணக்குப் போடுவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. எந்த விடுதியின் கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. வரி விகிதம், தண்ணீர் அளவு, சரிவு அளவு போன்றவை மட்டும் நடப்பில் உள்ளவை.

வீடு யாருடையது

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு காலத்தில் 96 ஊர் என்று கணக்கு. இன்று எழுபதுக்குச் சற்று மேல். பர்மாவில் வட்டித் தொழிலும் வயலும் செழித்த காலத்தில் எழுந்த வீடுகள் இவை. 1930-களின் மந்தம், 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பு, 1948-இல் பர்மா கொண்டுவந்த நில தேசியமயச் சட்டம் என்று அடுத்தடுத்து விழுந்த அடியில் வருமானம் நின்றது, வீடு மட்டும் மிஞ்சியது. 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் இடம்பெற்றன. தற்காலிகப் பட்டியல் என்பது வரிசையில் நிற்பதற்கான டோக்கன். அதனால் ஒரு ஓடுகூடப் பாதுகாக்கப்படுவதில்லை. வீட்டைப் பிரித்தால் தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைபோகும் என்பதுதான் இன்னமும் பல பங்காளிகளுக்குக் கைக்கு எட்டும் வருமானம்.

பங்காளிகள் என்று சொல்லும்போதே முதல் தடை வந்துவிடுகிறது. வளவைச் சுற்றியுள்ள இரட்டை அறைகளில் ஒவ்வொன்றும் ஒரு மகன் வழிக்கு உரியது. மூன்று தலைமுறை தாண்டினால் ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பேர் உரிமைக்காரர்கள். ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் நியூ ஜெர்சி. எல்லா அறைச் சாவியும் ஒரே கொத்தில் இருக்காது. எட்டுப் பேர் கையெழுத்தை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டு, ஒன்பதாவது பங்காளியின் பூட்டிய அறைக்குள் ஓடு உடைந்து மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குத்தகைதாரர் நிலைமை மிகவும் பரிதாபம்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை வரைதான் ஏற்கும். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்றும் கேட்கும். செட்டிநாட்டு வீட்டின் பிரச்சினையே அதில் யாரும் குடியிருப்பதில்லை என்பதுதான். ஆகவே இங்கே பெரும்பாலான வீடுகள் ஹோம்ஸ்டே என்ற பலகைக்குப் பொருந்தாமல், சட்டப்படி ஹோட்டலாகத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. தீயணைப்புச் சான்று, உணவு உரிமம், கட்டட அனுமதி எல்லாவற்றிலும் ஹோட்டல் அளவுகோல் வந்துவிடும். இது தெரியாமல் ‘சும்மா ஆறு ரூம்தானே’ என்று தொடங்கிவிட்டு, ஏழாவது அறையைத் திறக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

குத்தகைப் பத்திரத்தில் கவனிக்க வேண்டியவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம். 11 மாத ஒப்பந்தத்தை வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது சுண்ணாம்புப் பூச்சுக்கு முதல் போடும் தொழிலுக்குச் சரிவராது. போட்ட பணம் திரும்ப வருவதற்கே பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். வெளிநாட்டுப் பங்காளி அனுப்பும் பவர் பத்திரம் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தபால் உறையையும் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

பத்திரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது பங்காளிகளுக்கான நாட்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்பு, அறுபதாம் கல்யாணம், வீட்டுக் கல்யாணம், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கு வரும் குடும்பம் என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் திரும்பிவரும் இடம் இந்த வீடுதான். செவ்வாய்ப் பொங்கல் தை மாதத்தில், வெளிநாட்டு விருந்தினர் அதிகம் வரும் பருவத்தின் நடுவே வருகிறது. வருடத்துக்கு எத்தனை நாள், எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், சமையல் செலவு யாருடையது என்று எழுதாவிட்டால், ஆறு மாதம் முன்பே பணம் கட்டிய பிரெஞ்சுக் குழுவும் படைப்புக்கு வந்த பெரியவர்களும் ஒரே நாளில் முகப்பில் சந்திப்பார்கள். சாமி அறையும் அதை ஒட்டிய பட்டாலை எனும் கூடமும் விருந்தினர் அறைக் கணக்கிலேயே வரக்கூடாது. இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. சாமி அறைச் சாவி தங்களிடம் இருக்கும்வரை பங்காளிகள் வீட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், இடிக்கவும் விட மாட்டார்கள்.

தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்

செட்டிநாட்டு வீடு அடிப்படையில் ஒரு மழைநீர்ப் பாத்திரம். நான்கு பக்கத்து நாட்டு ஓட்டுக் கூரையும் முற்றத்துக்குச் சரிகிறது. முற்றத்துத் தண்ணீர் மடை வழியாகத் தரைக்கடியில் ஓடி, தெரு வாய்க்காலில் இறங்கி, ஊருணியில் சேர்கிறது. வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். வறண்ட செம்புராங்கல் நிலத்தில் ஊர்கள் பிழைத்திருந்தது இந்த ஏற்பாட்டால்தான். விடுதியாக மாற்றும்போது இதில் மூன்று இடத்தில் கை வைக்கிறார்கள்: கூரை, சுவர், குளியலறை.

கூரையில் நடப்பது எளிது. ஏசியின் வெளிப்பெட்டியை ஓட்டின்மேல் ஏற்றுவார்கள். ஆள் ஏறி இறங்கும்போது ஓடு விரிசல் விடும். அது வெளியே தெரியாது. கார்த்திகையில் அந்தச் சொட்டு வாரிச்சட்டத்தில் இறங்கும். பர்மாத் தேக்கு நனைவதைத் தாங்கும். நனைந்தபடியே இருப்பதைத் தாங்காது, அதுவும் சுவருக்குள் புதைந்த முனையில். வெளிப்பெட்டியை மூன்றாம் கட்டுக்குப் பின்னால் தரையில் வைத்துச் செப்புக் குழாயை நீட்டிக்கொள்வதே சரி. குழாய் நீளம் கூடக்கூடக் குளிர்ச்சித் திறன் குறையும். கம்பெனி கொடுத்திருக்கும் நீள வரம்பை மீறாமல் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வளவின் நடு அறைகளுக்கு அது எட்டாது. அந்த அறைகளை ஏசி இல்லாத அறைகளாகவே மார்கழி, தை மாதங்களில் மட்டும் விற்கலாம்.

சுவர்தான் எல்லோரும் தோற்கும் இடம். முட்டை வெள்ளைக் கரு சேர்த்துக் கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றிய பூச்சின் அடியில் சுண்ணாம்புக் காரை அடுக்கடுக்காக இருக்கிறது. அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம் இந்தக் காரை வழியாக ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார் சொல்வது இதைத்தான். தரையோரம் ஓர் அடி உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்திருப்பதைப் பார்த்து, ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். ஈரம் சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல் மேலே ஏறும். அடுத்த மழை முடிந்ததும், சிமெண்ட் பட்டைக்கு ஓர் அடி மேலே, நன்றாக இருந்த பழைய பூச்சில் வெள்ளை உப்புப் பூக்கும். உப்பு படிகமாகும்போது பூச்சைத் தள்ளிவிடும். உடனே இன்னும் ஓர் அடிக்குச் சிமெண்ட். மூன்று வருடத்தில் சிமெண்ட் பட்டை இடுப்புயரத்துக்கு வந்துவிட்ட வீடுகள் உண்டு. அதன்மேல் எமல்ஷன் பெயிண்டும் அடித்துவிட்டால், உப்பு பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டு வரும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் மடை. முற்றத்து மடையும் வெளி வாய்க்காலும் அடைபட்டிருந்தால் சுவர் வேலை எல்லாம் வீண். அடுத்து, சிமெண்டைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, பங்குனியிலிருந்து ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தே காய விட வேண்டும். அந்த அறைகளின் வாடகை அந்த மூன்று மாதம் போகும், போகட்டும். பிறகு, குறைந்தது மூன்று வாரம் குழியில் நீர்த்துப் புளித்த சுண்ணாம்பு. அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைப்பார்கள். ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகும், அவசரப்படுத்தினால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே மாவாக நிற்கும். வெயில் நேராக அடிக்கும் சுவரில் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். ஒப்பந்தக்காரர் பத்து நாளில் முடித்துத்தருகிறேன் என்றால் அவர் வெள்ளைச் சிமெண்ட் கலக்கப்போகிறார் என்று அர்த்தம்.

இனி குளியலறை. பழைய வீட்டில் அறையோடு ஒட்டிய குளியலறை கிடையாது. எல்லாம் பின்கட்டுக்கு அப்பால். பத்து அறை விடுதிக்குப் பத்துக் குளியலறை வேண்டும். ஆத்தங்குடிக் கல்லோ (கையால் செய்த வண்ணச் சிமெண்ட் தரைக்கல்) சலவைக்கல்லோ பாவிய தரையை உடைத்துக் குழாய் பதிப்பது திரும்பச் சரிசெய்ய முடியாத தவறு. பழைய தரையை அப்படியே விட்டு, மேலே கனமான பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, மேடை எழுப்பி, அந்த மேடைக்குள் குழாயை ஓட்ட வேண்டும். மேடை உயரம் 150 மில்லிமீட்டர் என்றால், அதில் 110 மில்லிமீட்டர் மலக்குழாய் போக மிச்சம் 40. மலக்குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று சரிவு வேண்டும். 40 மில்லிமீட்டரைச் சரிவுக்கே கொடுத்தாலும் 1.6 மீட்டர்தான் ஓட முடியும். மேலே தளத்துக்கும் இடம் விட்டால் இன்னும் குறையும். ஆகவே கழிப்பறைப் பீங்கான் வெளிச்சுவரை ஒட்டித்தான் வர வேண்டும். வரைபடத்தில் அழகாக இருக்கிறது என்று அறையின் நடுப்பக்கம் வைத்தால் மேடை ஒன்றரை அடி உயரும், விருந்தினர் படியேறிக் கழிப்பறைக்குப் போவார். நடு வளவில் வெளிச்சுவரே இல்லாத அறைகளில் குளியலறை வைக்கவே கூடாது. பத்து அறை ஆசை பெரும்பாலும் இங்கேதான் ஏழாகக் குறையும். குறையட்டும்.

ஷவர்ச் சுவரைப் பழைய சுவரில் நேரடியாக ஒட்டாமல், இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டுத் தனிச்சட்டத்தில் சிமெண்ட் பலகை நிறுத்தி, அதில் டைல் ஒட்ட வேண்டும். இடைவெளியின் மேல்முனை திறந்திருக்கட்டும், பழைய சுவர் காய வேண்டும். குழாய் வெளியே தெரிவது அசிங்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: தெரியும் குழாயில் கசிவும் தெரியும்.

கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சுகுழியும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பின்கட்டுக் கிணறு வீட்டுக்குள்ளேயே இருப்பதால் நீளமான வீட்டில்கூட இந்த 18 மீட்டர் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் அந்தக் கிணற்றைக் குடிநீர்க் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை. செம்புராங்கல் தரை சில இடத்தில் உறிஞ்சும், சில இடத்தில் உறிஞ்சாது. குழி வெட்டும் முன் ஓர் அடி சதுரக் குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஹோட்டல் விருந்தினருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஆளுக்கு 180 லிட்டர் என்கிறது. பத்து அறையில் இருபது பேர் என்றால் 3,600 லிட்டர். பன்னிரண்டு பணியாளருக்கு ஆளுக்கு 45 வீதம் 540. நாளொன்றுக்கு 4,140 லிட்டர். கூரைப்பரப்பு 600 சதுர மீட்டர் என்று வைத்தால், 900 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 4,32,000 லிட்டர் கிடைக்கும். வீடு நிறைந்திருக்கும் நாளுக்குக் கணக்கிட்டால் 104 நாள் தண்ணீர். அவ்வளவுக்கும் தொட்டி கட்ட முடியாது. ஒரே பொழுதில் பெய்யும் 50 மில்லிமீட்டர் மழையைப் பிடிக்க 24,000 லிட்டர்த் தொட்டி ஒன்று, மிகுந்தது கிணற்றுக்கு, அதற்கும் மிகுந்தது பழைய வழியே ஊருணிக்கு. பருவத்தின் முதல் மழையில் புறாக்கழிவும் தூசும் வரும் என்பதால் முதல் 1,200 லிட்டரைத் திருப்பிவிட ஒரு வால்வு வேண்டும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். இங்கே அதைப் புதிதாகக் கட்டத் தேவையில்லை. ஏற்கெனவே இருப்பதை அடைக்காமல் இருந்தாலே போதும்.

ஆத்தங்குடிக் கல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான். கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையும் ஈரக் கலவையும் நிரப்பி, தண்ணீரில் பதப்படுத்தி எடுக்கும் கல் இது. கண்ணாடியில் பட்ட முகம்தான் பளபளப்பு. சூளையில் சுடுவதில்லை. ஆகவே கழிப்பறை ஆசிட் ஒரு சொட்டு பட்டாலும் அந்த முகம் அரித்து மங்கிவிடும். எலுமிச்சைச் சாறும் அப்படியே. சாப்பாட்டு அறையில் சிந்திய ரசத்தை உடனே துடைக்க வேண்டும். ஈரத்துணியால் தினமும் துடைப்பதும், எப்போதாவது துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பதும் போதும். எண்ணெய் கூடிவிட்டால் விருந்தினர் வழுக்கி விழுவார்.

அடுப்படி

வெள்ளைப் பணியாரத்துக்கு ஆச்சிமார் சொல்லும் அளவு இது: ஒரு உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே அரிசியின்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்து. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து, உடனே சுட வேண்டும். மாவு புளிக்கக்கூடாது. புளித்தால் எண்ணெய் குடிக்கும், ஓரம் சிவக்கும், வெள்ளைப் பணியாரம் என்ற பெயரே போய்விடும். ஒரு கரண்டி மாவு, ஒரு பணியாரம், அது எழும்பித் திரும்பி வெந்த பிறகே அடுத்தது.

இருபது பேருக்கு ஆளுக்கு நான்கு என்றால் எண்பது பணியாரம், ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் ஒரே வாணலியில் இரண்டு மணி நேரம். இதனால்தான் பல விடுதிகளில் காலைப் பலகாரம் ஆறிப்போய் வருகிறது, அல்லது முதல்நாள் இரவே மாவு அரைத்து வைக்கிறார்கள். இரண்டு வாணலி, காலை ஐந்தரைக்கு அரைக்கும் ஓர் ஆள், விருந்தினருக்கு எட்டு மணி, ஒன்பது மணி என்று இரண்டு பந்தி என்றால் சரியாக வரும். பட்டியலைக் குறைப்பது இன்னும் நல்லது. ஒரு காலைக்கு இரண்டு பலகாரம் போதும்; ஐந்து வகை வைத்தால் ஐந்தும் சுமாராக இருக்கும். இரண்டாவது காலைக்குக் கந்தரப்பமும் மசாலாச் சீயமும், மூன்றாவதுக்குக் கவுனி அரிசியும் பால் பணியாரமும் என்று தள்ளிவைத்தால், இன்னொரு இரவு தங்குவதற்குச் சாப்பாடே ஒரு காரணமாகிவிடும்.

கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் போட்டால் செட்டிநாடு என்பது ஹைவே ஹோட்டல்காரர்களின் கணக்கு. தண்ணிக்குழம்பு, மண்டி, கும்மாயம் தெரிந்த சமையல் ஆட்கள் பெரும்பாலும் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள். முகூர்த்த மாதத்தில் கிடைக்க மாட்டார்கள். அவர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் விடுதி, கோடையிலும் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஐப்பசியில் புது ஆளைத் தேடி, பழக்கி, பருவம் முடியும்போது மறுபடி இழக்க வேண்டியதுதான்.

7,500 ரூபாய் என்ற கோடு

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. அதற்கு மேல் 18 சதவீதம், வரவு உண்டு. 7,500 ரூபாய் அறைக்கு விருந்தினர் கொடுப்பது 7,875. விலையை நூறு ரூபாய் கூட்டி 7,600 வைத்தால் அவர் கொடுப்பது 8,968. நூறு ரூபாய் ஆசைக்கு ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாய் வித்தியாசம். எனவே 7,600-க்கும் 9,000-க்கும் இடையில் விலை வைப்பதில் அர்த்தமில்லை.

இதைவிடப் பெரிய பொறி சாப்பாட்டு வரியில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஒரே ஒரு அறையை ஒரே ஒரு நாள் 7,500-க்கு மேல் விற்றிருந்தாலும், அந்த வளாகத்து உணவகத்துக்கு அடுத்த ஆண்டு முழுவதும் 18 சதவீதம், இல்லாவிட்டால் 5. கிறிஸ்துமஸ் வாரத்தில் முன்பதிவுத் தளம் தானாகவே விலையை 8,200-க்கு ஏற்றிவிட்டது என்பதற்காக, வருடம் முழுக்கச் சாப்பிட வரும் உள்ளூர்க்காரர் பில்லில் 13 சதவீதம் கூடிவிடும். தளத்தில் அதிகபட்ச விலை என்ற கட்டத்தை 7,500-க்குப் பூட்டிவைக்க வேண்டும். கூடுதல் படுக்கை, காலை உணவு சேர்த்த விலை போன்றவை கோட்டைத் தாண்டுகின்றனவா என்று ஆடிட்டரிடம் பருவம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உள்ளீட்டு வரவு இல்லை என்பதால் சீரமைப்பு ஆண்டில் வாங்கும் ஏசி, வயர், குழாய் எல்லாவற்றின் வரியும் செலவாகவே போகும். திட்டச் செலவைப் போடும்போது வரி நீங்கிய விலையை எழுதி ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது இரவு

மாதிரி வீட்டுக்கு வருடத்துக்கு 900 வருகை. ஒவ்வொரு வருகையும் ஓர் அறை, சராசரி 1.3 இரவு, வாடகை 6,000. மொத்தம் 1,170 அறை-இரவு, 70.2 லட்சம் ரூபாய். பத்து அறைக்கு 3,650 அறை-இரவு இருக்கிறது. அதில் 32 சதவீதம்தான் நிரம்புகிறது. இதில் ஆறு அறை கூட்டினால் காலியாக இருக்கும் அறைகள்தான் கூடும். அதே 900 வருகையில் சராசரியை 1.9 ஆக்கினால் 1,710 அறை-இரவு, 102.6 லட்சம். படுக்கை விரிப்பு மாற்றுவதும் வரவேற்பதும் வழியனுப்புவதும் அதே 900 முறைதான். சலவைத் தண்ணீர்ச் செலவு அதிகம் ஏறாது, புதிதாக ஒரு சுவரையும் தொட வேண்டாம்.

இரண்டாவது இரவுக்கு ஆள் நிற்க வேண்டுமானால் இரண்டாவது பகலில் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். இடங்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, கொஞ்சம் தள்ளிச் சித்தன்னவாசல் ஓவியம், நகரத்தார் கோயில்களில் வைரவன்பட்டி, இளையாத்தங்குடி, தைப் பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு. குறை நேர ஒழுங்கில் இருக்கிறது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தியிருக்கும். விருந்தினர் பத்து மணிக்குத்தான் கிளம்புவார், போய்ச் சேர்ந்து பார்ப்பதற்குள் கதவு மூடிவிடும். வெயிலும் சேர்ந்துகொள்ளும். காலை ஆறரைக்கு ஊருணிக்கரையில் சைக்கிளில் ஒரு சுற்று, எட்டரைக்குப் பலகாரம், ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை கோயில், மதியம் சாப்பாடும் தூக்கமும், நான்கு மணிக்குப் பட்டறை, இரவு சமையலில் கைகொடுத்தல். அப்படி வைத்தால் ஊர் வாழும் நேரமும் விருந்தினர் நேரமும் ஒன்றாகும்.

பட்டறை என்றதும் வருவது ஆத்தங்குடி. நாளெல்லாம் கார் கார் ஆக வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கல் வார்க்கும் ஆள் வேலையை நிறுத்திக் காட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார். பத்தங்குலக் கல் ஒன்று இரண்டே முக்கால் கிலோவுக்குக் குறையாது. விமானத்தில் யார் தூக்கிப்போவார்கள்? நான்கங்குல அச்சு ஒன்று செய்துகொண்டால் கல் அரைக் கிலோவுக்குள் வந்துவிடும். விருந்தினரே வண்ணம் ஊற்றிய கல்லைப் பதப்படுத்த நாள் ஆகும் என்பதால், முன்பே காய்ந்த கல்லைக் கையில் கொடுத்துவிடலாம். பார்வைக் கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று விடுதி தன் பில்லில் சேர்த்து, பட்டறைக்கு மாதாமாதம் கொடுத்துவிட வேண்டும். டிரைவர் கமிஷன் வழியாகப் போனால் பட்டறைக்குப் பாதிதான் வந்துசேரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும், பனை ஓலைக் கொட்டானுக்கும், அரியக்குடி விளக்குக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

உள்ளூர் விருந்தினரை விடுதிக்காரர்கள் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் காரைக்குடி வருகிறது. சனி, ஞாயிறுக்கு வரும் குடும்பத்துக்குப் பாரம்பரியம் பற்றிய சொற்பொழிவு வேண்டாம். அசைவச் சாப்பாடு, பிள்ளைகள் ஓடியாட முற்றம், பாட்டிக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை, இவ்வளவு போதும். ஆனால் வாசப்படிகள் உயரம். ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று. கழற்றி வைக்கக்கூடிய மரச்சரிவு இரண்டு செய்துவைத்தால் நிலைக்கதவைத் தொடாமலே சக்கர நாற்காலி போகும்.

சினிமா ஷூட்டிங் வருமானம் ஒரு நாளில் பத்து நாள் வாடகையைக் கொடுக்கும் என்பதால் மறுப்பது கஷ்டம். கொடுத்தால், தூணில் ஆணி அடிக்கக்கூடாது, டிராலித் தண்டவாளத்துக்கு அடியில் கோணிப்பையும் பலகையும், சுவரில் டேப் ஒட்டக்கூடாது, வாடகைக்குச் சமமான முன்வைப்புத் தொகை ஆகியவற்றை எழுதிவாங்க வேண்டும். முட்டைப் பூச்சில் ஒட்டிய டேப்பை உரித்தால் பூச்சும் சேர்ந்து வரும். ஒட்டுப் போட்டால் அந்த இடம் கடைசிவரை தெரியும்.

சித்திரை, வைகாசியில் ஆள் வராது. அதை நட்டக் காலம் என்று எழுதாமல் வேலைக் காலம் என்று எழுதிக்கொள்ளலாம். மூன்று மூன்று அறையாக மூடி, ஓடு பிரித்து மேய்ந்து, கொத்திய சுவரைக் காயவைத்து, தூண் அடிகளில் கரையான் பார்த்து, புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் முற்றத்து மடைத்துளையைச் சாக்கால் அடைத்து, அரை அடிக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டுச் சாக்கை உருவுங்கள். எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்று நாட்குறிப்பில் எழுதுங்கள். போன வருடத்தைவிட நேரம் கூடியிருந்தால், முதல் மழைக்கு முன்னால் கூப்பிட வேண்டியது வாய்க்கால் தூர்வாருகிற ஆளை, பெயிண்டரை அல்ல.